மாமனாரின் சூட்டிடம்

அக்டோபர் 14
தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதிக்க, கூடத்துத் தரைப்பலகைகளைப் பெயர்த்துவிட்டார்கள். கீழே நூறு வருடத் தூசி, எலிப்புழுக்கை. “பதினேழு தலைமுறை வாழ்ந்த வம்சம்” என்று மாமனார் எல்லோரிடமும் சொல்கிறார். எலிகளையும் சேர்த்து எண்ணினாரோ?
எப்படியோ, என் மகள் சேபோம் இந்தக் குளிர்காலம் தரையில் தவழலாம். எட்டு மாதக் குழந்தையை எத்தனை நாள் முதுகில் கட்டிக்கொண்டே வேலை செய்வது?

அக்டோபர் 19
வெந்நீர்க் குழாய் பதிக்கிற நோ அண்ணன், சீராகப் பதித்தால் கூடம் முழுக்க ஒரே அளவு சூடு என்றார். மாமனார் முகம் சுருங்கிவிட்டது.
“அப்போ என் இடம் எது?”
பழைய அறைகளில் அடுப்பு அனல் தரைக்கடியில் ஓடும்; அடுப்பை ஒட்டிய சூட்டிடம் மூத்தவருக்கு, குளிர்ந்த கதவோரம் மருமகளுக்கு. குழாய்க்கு இந்த மரியாதை தெரியவில்லையாம்!
“வடக்குச் சுவரோரம் நெருக்கிப் போடுப்பா. மத்த எடத்துல பேருக்குப் போட்டாப் போதும்.”
“ஐயா, மரத்துக்கு அவ்ளோ சூடு ஆகாது. சுருங்கிடும்.”
“எங்க வீட்டு மரம் உன்னவிட வயசுல மூத்தது. அதுக்குத் தெரியும்.”
என் கணவன் கியூதே ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பேச்சு முடியும்வரை.

அக்டோபர் 20
“அப்பா இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போறார், விடேன்” என்கிறான். அவருக்கு அறுபத்து நான்கு. தினமும் மலையேறுகிறார்.

நவம்பர் 9
சூடு வந்தது. அவருக்கு.

நவம்பர் 24
குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். நூற்றிருபது முட்டைக்கோசுடன் பெண்கள் முற்றத்தில் விறைத்தோம். ஆண்கள் கூடத்தில்.
“அண்ணே, பின்பக்கம் வேகுதா?” என்றார் மாமனாரின் தம்பி. ஒரே சிரிப்பு.
சேபோம் இருமிக்கொண்டே அந்தச் சூட்டைத் தேடித் தவழ்ந்தாள். மாமனார் தூக்கிவந்து என் மடியில் போட்டார். “அவ இடம் எதுன்னு பழக்கு.”
பழக்குவதா? நானா?

டிசம்பர் 6
மாமனாருக்கு அடியிலேயே பலகை பட்டென்று வெடித்தது. இடுக்கு தொடையைக் கிள்ளுகிறது, ஒப்புக்கொள்ள மாட்டார். நோ அண்ணன் அந்தப் பக்கத்துக் குழாயை அடைத்தார். “இல்லேன்னா மிச்சப் பலகையும் போயிடும் ஐயா.” வெந்நீர் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது.

டிசம்பர் 11
கதவோரம் வெதுவெதுப்பு. சேபோம் என் பக்கத்தில் குப்புறத் தூங்கினாள். மாமனார் மெத்தையோடு வந்து நின்றார்.
“எழுந்திரு, மருமகளே.”
என் கால்கள் தாமாகவே எழப்பார்த்தன. சீ! அந்தக் கணம் என்னைத்தான் அதிகம் வெறுத்தேன்.
“கொழந்த தூங்குது மாமா,” என்றேன். எழவில்லை.
கியூதே செல்போனைப் பார்த்தான்.

டிசம்பர் 12
குளிர்ந்துபோன வடக்குச் சுவரோரமே மாமனார் மெத்தை போட்டு உட்கார்ந்திருக்கிறார். சேபோம் அவரைச் சுற்றி, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தவழ்ந்தாள்.