மாவுக்குப் போட்ட திரை

என்னங்க,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். கோபத்திலும் அதை முதலில் எழுதிவிடுகிறேன். வேலைக்கு வந்த ஊரில் நான் நலம், கண்தான் எரிகிறது.

"அசிங்கப் படம் பாத்துக் காசு வாங்குறவ" என்று உங்கள் அக்காவிடம் சொன்னீர்களாம். நான் என்ன பார்க்கிறேன் என்று கேளுங்கள். நான் வேலை பார்க்கும் புகைப்பட இணையதளத்தில் யார் படம் போட்டாலும் முதலில் கம்ப்யூட்டர்தான் பார்க்கிறது. தோல் நிறத்தில் வழவழவென்று எது தெரிந்தாலும் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று சாம்பல் திரை போட்டு மூடிவிடும். படம் எடுத்தவர் புகார் செய்தால், நான் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். நேற்று அது மூடியது ஒரு பாத்திரம் நிறையப் பிசைந்து வைத்த மாவை! எடுத்தவர் ரொட்டிக்கடைக்காரர். "என் மாவுக்குச் சட்டையா தைச்சுப் போட?" என்று எழுதியிருந்தார். மேனேஜர் உட்பட எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நீங்களும் அதைத்தானே செய்தீர்கள்? ஒன்றையும் பார்க்காமலே எனக்கு முத்திரை குத்தி, "அவகூடப் பேசாத" என்று நம் பாப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டீர்கள்.

அவளுக்கு முன்பல் விழுந்ததே அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். செருப்பு அளவும் வேண்டும். அவள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்பினால், சாப்பிடும்போது கேட்பேன். நீளமாக இருக்கட்டும்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. தப்பு என்று நான் சொன்னதும் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் மாவின் மேலிருந்த திரையை எடுத்துவிட்டது. என் மகள் முகத்தின் மேல் போட்டதை நீங்கள் எப்போது எடுப்பீர்கள்?

பாப்பாவின் அம்மா