பெட்டி மூடியில் ஒட்டிய செய்தி

தண்டையார்பேட்டை,
8-1-1934

திருநெல்வேலி ஆவுடையம்மாள் அவர்களுக்கு, பழைய காகித வியாபாரி காஜா மொய்தீன் எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கு சுகம்.

என் மச்சான் ஜாபரிடம் விலாசம் வாங்கி நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. பிடில் வித்வான் ரகுபதி பட்டணத்தில் காலமான செய்தி வந்த பத்திரிகைகள் அத்தனையும் வேண்டும் என்கிறீர்கள். அம்மா, அது எட்டு வருஷத்துச் சங்கதி. என் கிடங்கில் ஒரு பேப்பர் எட்டு நாள் தங்காது. மளிகைக் கடைக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் போய்விடும். ஆனாலும் துறைமுக ஆபீஸ்களில் சொல்லிவைத்து ஏழு பிடித்து அனுப்பியிருக்கிறேன். படித்தும் பார்த்தேன். வாசிப்பைப் புகழ்கிறார்கள், வைர மோதிரத்தைப் புகழ்கிறார்கள், ஏழிலும் ‘சந்ததி இல்லை’ என்று முடிக்கிறார்கள். நீங்கள் தேடுவது என்னவென்று சொன்னால் எனக்கு அலைச்சல் குறையும்.

காஜா மொய்தீன்


திருநெல்வேலி,
15-1-1934

மரியாதைக்குரிய பாய் அவர்களுக்கு,

ஏழும் வந்தன. ‘சந்ததி இல்லை’ என்று எழுதாத ஒரு பத்திரிகையைத்தான் தேடுகிறேன். அவருக்கும் எனக்கும் பிறந்தவள் நீலா. தாலி கட்டவில்லை. பதினோரு வருஷம் என் வீட்டில்தான் சாதகம் செய்தார், அவளுக்குப் பிடில் சொல்லிக்கொடுத்ததும் அவரே.

மாசியில் இங்குள்ள சபையில் அவளுக்கு முதல் கச்சேரி. நோட்டீஸில் ‘ரகுபதி குமாரத்தி’ என்று போடக் கேட்டேன். அவர் தம்பி ஆட்சேபித்து எழுதிவிட்டார். அச்சில் ஒரு வரி காட்டினால் போடுகிறேன் என்கிறார் காரியதரிசி. பட்டணத்துப் பத்திரிகை ஒன்றில் நீலா பேர் வந்ததாக அப்போதே ஒருவர் சொன்னார். எந்தப் பத்திரிகை என்று அவருக்கு நினைவில்லை.

ஆவுடையம்மாள்


தண்டையார்பேட்டை,
5-2-1934

அம்மா அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகை அகப்பட்டது. தாளாக இல்லை, தகரப் பெட்டியாக. இங்கே பெட்டி செய்கிறவர்கள் உள்ளே பழைய பேப்பர் ஒட்டித்தான் விற்பார்கள். அதனால் பேப்பரை விட்டுவிட்டு, அந்த வருஷத்துப் பெட்டிகளைத் தேடினேன். வீடு வீடாகப் போய்ப் பெட்டியைத் திற என்றால் யார் திறப்பார்கள்? திருடன் என்றார்கள், பெண் பார்க்க வந்தவன் என்றார்கள். கடைசியில் ராயபுரத்தில் மீன் விற்கும் இருதயம்மாள் பெட்டியின் மூடியில் இருந்தது: ‘அன்னாருக்கு நீலா என்ற குமாரத்தி உண்டு.’

“பொட்டிய உன்கைல குடுத்துட்டு என் துணிய இன்னா உன் தலைமேலயா வச்சிக்கினு போவ, பாய்?” என்றாள். புதுப் பெட்டி கொடுத்து வாங்கினேன். பசை இறுகிப்போயிருக்கிறது, உரித்தால் கிழியும். பெட்டியாகவே ரயிலில் போட்டிருக்கிறேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஒட்டுகிறவன் பேப்பர்க் கட்டிலிருந்து வரிசையாகத்தான் தாள் உருவுவான். மூடியில் முதல் நாள் பேப்பர், அடியில் மறுநாள் பேப்பர். அதில் ‘திருத்தம்: நேற்றுக் குமாரத்தி உண்டென்று வெளியிட்டது பிழையென அன்னாரின் தம்பி தெரிவிக்கிறார்’ என்று இருக்கிறது. சுரண்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். சரக்கில் கை வைத்து எனக்குப் பழக்கமில்லை. நாலு புடவை மடித்து வைத்தால் அடி தெரியாது. அது உங்கள் இஷ்டம்.

காஜா மொய்தீன்


திருநெல்வேலி,
26-2-1934

பாய் அவர்களுக்கு,

பெட்டி வந்தது. மீன் வாசனை போக மூன்று நாள் வெயிலில் வைத்தோம். அடி தெரியாமல் சேலைகளை நான்தான் அடுக்கினேன். சபைக்குக் கொண்டுபோனோம். காரியதரிசி மூடியைப் படித்துவிட்டு, “போதும்மா, போட்டுரலாம்” என்றார். உடனே நீலா சேலைகளை வாரி மேசைமேல் வைத்து, “இதையும் படிங்க” என்றாள்.

“ரெண்டுமே அச்சுதான். நான் என்னம்மா செய்ய?” என்றார் அவர்.

“என் பேரை மட்டும் போடுங்க. அதுக்கு யாரு திருத்தம் எழுதுவா?” என்றாள்.

இரண்டு நாள் அவளிடம் நான் பேசவில்லை. கச்சேரி நடந்தது. கூட்டம் பாதிதான். ஆட்சேபித்து எழுதிய அந்தத் தம்பி கடைசி வரிசையில் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டீஸ் ஒன்று இதில் வைத்திருக்கிறேன்.

ஆவுடையம்மாள்


தண்டையார்பேட்டை,
4-3-1934

அம்மா அவர்களுக்கு,

நோட்டீஸ் கிடைத்தது. ‘பிடில் நீலா’ என்று பெரிய எழுத்து. காகிதமும் நயம்தான். கிடங்கில் வைத்தால் என் ஆட்கள் கட்டோடு கட்டாகப் போட்டுவிடுவார்கள். ஆகவே எனக்கென்று ஒரு பெட்டி செய்யச் சொல்லி மூடியில் ஒட்டவைத்தேன். அடிக்கும் ஒரு தாள் ஒட்டட்டுமா என்று பெட்டிக்காரன் கேட்டான். வேண்டாம் என்றேன். வெறும் தகரமாகவே இருக்கிறது.

காஜா மொய்தீன்