கோடு தெரியாத குப்பி

என் வீட்டரசிக்கு, உன் மாமா எழுதுவது. நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். அம்மாவின் முட்டிவலி தேவலையா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

முதலாளி சொந்தக் கையால் கொட்டகையில் கட்டிய குட்டி விமானம் இப்போது என்னை நம்பித்தான் பறக்கிறது. பெட்ரோல் டேங்கின் அடியில், உள்ளே இருப்பதை வடித்தெடுக்கும் டிரெயின் வால்வு இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்றுவது நான். பறக்கும் முன் அதன் வழியே கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்ப்பதும் நான். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும், நடுவே கோடு தெரியும்.

மழைக்கு மறுநாள் வடித்தேன். கோடே இல்லை. “சுத்தமா இருக்கு, ஏறுங்க!” என்றேன். அவர் ஏறி இன்ஜினைக் கிளப்பிவிட்டார். குப்பியைக் கொட்டப் போனவன் மோந்து பார்த்தால் வாசனையே இல்லை. மொத்தமும் தண்ணீர்! நான் பாய்ந்த பாய்ச்சலில் விமானமே பயந்து நின்றுவிட்டது.

“அறிவிருக்காய்யா உனக்கு?” என்றார் முதலாளி. உயிரைக் காப்பாற்றியவனை இங்கே இப்படித்தான் பாராட்டுவார்கள். போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு சின்ன வேலை. நான் பேசும்போது பிள்ளைகளை அதட்டாதே, மிக்சியை நிறுத்தாதே. பேச ஒன்றும் இல்லாவிட்டால் போனை அடுப்படியில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நீ போனைத் துண்டித்த பிறகுதான் இந்த அறை எவ்வளவு அமைதி என்று தெரிகிறது. மற்ற நேரமெல்லாம் ஒன்றுபோல இருப்பதால் தெரிவதில்லை.

முதலாளி கூப்பிடுகிறார். குப்பியோடு ஓடுகிறேன்.

உன் மாமா