செங்கல் மேல் தண்டால்

என் உயிர் மச்சான் தேவராஜுக்கு,

போன வாரம் என் மானம் மொட்டைமாடியில் போயிற்று. நீ காட்டிக்கொடுத்தபடி இரண்டு செங்கல் மேல் உள்ளங்கை ஊன்றித் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் கை மடங்கி, மோவாய் தரையில் இடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே குப்புறக் கிடந்தேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த உமா அக்கா, "ஐயோ, இவரும் பூட்டாரே!" என்று போட்ட சத்தத்தில் தெருவே மாடி ஏறிவிட்டது. யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். வலிப்புக்கும் தண்டாலுக்கும் வித்தியாசம் தெரியாத தெரு மச்சான், நம்ம சிட்லபாக்கம் தெரு.

அந்த "இவரும்"தான் எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் நீ தண்டால் முடித்து, காபி குடித்து, நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. ரத்தக்குழாய் அடைப்பு, உன் அப்பாவுக்கும் இதே வியாதிதான் என்று டாக்டர் சொன்னதை எவனாவது காதில் வாங்கினானா? தண்டால்தான் உன்னைக் கொன்றது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

உன் தங்கச்சியும் அந்தக் கட்சிதான். உமா அக்கா கத்திய அன்றைக்கே, என் செங்கல் இரண்டையும் மாடியில் இருக்கும் தண்ணி டிரம்முக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள் விஜயா. "எங்கண்ணன முழுங்கினது போதாதா? நீங்களும் போயிட்டா நான் யார் மூஞ்சியப் பாக்கறது?" என்று அழுபவளிடம் எந்த வாயால் பேசுவது?

ஆனாலும் விட மனசு வரவில்லை. தாம்பரத்து எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தே வளர்த்த தொப்பை என்னுடையது. இறங்கினால் நெஞ்சுக்கு முன்னால் அதுதான் தரைக்குப் போய்ச் சேரும். "வயிறு தொட்டா கணக்குல வராது மாப்ள, நெஞ்சு செங்கல்லுக்குக் கீழ எறங்கணும்" என்பாய். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவனுக்கு இங்கேயும் கணக்கா? ஆனால் நீ சொன்ன எதையும் மறக்கவில்லை. தோளுக்கு நேர் கீழே கை. குதிகாலிலிருந்து தலை வரை ஒரே கோடு. முழங்கை விலாவை விட்டு விரியக் கூடாது. இறங்கும்போது மூச்சு உள்ளே, ஏறும்போது வெளியே. இத்தனை ஒழுங்காக நீ செய்த ஒரு காரியத்துக்குக் கொலைப்பழியா? எப்படி ஒத்துக்கொள்வேன்?

நேற்று உனக்கு முதல் வருஷத் திதி. மாடியில் சோறு வைத்துவிட்டு, காக்கா வரும்வரை எல்லோரும் பசியோடு நின்றோம். உன் ஊரப்பாக்கத்துப் பெரியப்பா ஆரம்பித்தார்.

"மாப்ள, அந்தப் பாழாப்போன தண்டால் இனிமே எடுக்க மாட்டேன்னு தேவராஜ் போட்டோ முன்னால ஒரு சத்தியம் பண்ணிடுங்க. விஜயா பாவம்."

"பண்ண முடியாது மாமா."

"உங்களுக்குப் பயமே இல்லியா?"

"எதுக்கு மாமா பயம்? தூக்கத்துலகூடத்தான் ஆளு போறான். நாம படுக்காமயா இருக்கோம்?"

சொன்ன வேகத்தில் சட்டையைக் கழற்றிவிட்டேன். தண்ணி லாரி வராததால் டிரம் காலி. அதைத் தள்ளிவிட்டுச் செங்கலை எடுத்துப் போட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். விஜயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் இரண்டு எப்படியோ ஓடிவிட்டது. அடுத்ததில் பாதியிலேயே மாட்டிக்கொண்டேன்.

"வண்டி ரிப்பேரு," என்றான் உன் சின்ன மச்சினன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு அதட்டல். "இடுப்பு தொங்குது பாருங்க! எங்கண்ணன் இப்படியா எடுக்கும்? தூக்குங்க!"

விஜயாதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ தண்டால் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் ஆயிற்றே! இடுப்பைத் தூக்கினேன். நெஞ்சு செங்கலுக்குக் கீழே போய், முழுசாக மேலே வந்தேன். காக்கா எப்போது வந்து கொத்திவிட்டுப் போனது என்று யாருக்கும் தெரியாது.

பந்தியில் அப்பளம் வைக்கும்போது விஜயா என் பக்கம் குனிந்தாள். "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறம் நான் பக்கத்துல இருந்தா மட்டும் எடுங்க."

காட்டுகிறேன் மச்சான். எடுக்கவும் எடுப்பேன். தண்டால் எடுத்துச் செத்தான் என்று எவன் சொன்னாலும், அவன் எதிரிலேயே இறங்கிக் காட்டுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பயமில்லை என்று பெரியப்பாவிடம் வீறாப்பாகப் பேசினேன். விஜயாவிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நெஞ்சு கீழே இறங்கி நிற்கிற அந்த ஒரு நொடியில், உள்ளே அது அடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மேலே எழுகிறேன்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
மாப்ள சண்முகம்