வேற யாராவது கேட்டிருக்காங்களா?

மார்ச் 4

அந்த நர்ஸ் மூன்றாவது முறையாக வீடு பார்க்க வந்தாள். பின்னறையில் தன் அம்மாவின் கட்டில் கொள்ளுமா என்று சாண் வைத்து அளந்தாள். படி இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, வேற யாராவது விலை சொல்லியிருக்காங்களா?"

ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நான் விற்பவர் தரப்புத் தரகர். வீட்டுக்காரரான தையல்கடைக்காரர், "அதைப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அதை நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. நான் பொய் சொல்லவில்லையே?

மார்ச் 5

காலையிலேயே அவளிடமிருந்து போன். நான் கேட்காமலேயே, முன்பு சொன்ன விலையை ஏற்றிச் சொன்னாள். யாரோ போட்டிக்கு இருப்பதாக அவளே நினைத்துக்கொண்டாள்.

தையல்கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "வாயைத் திறக்காமலே காரியத்தை முடிச்சிட்டீங்களே! இன்னும் ரெண்டு நாள் பொறுங்க, பாப்போம்."

இது பாராட்டா?

மார்ச் 6

வீட்டுக்காரரிடம்—என் வீட்டுக்காரரிடம்—சொன்னேன். "நீதான் பொய் சொல்லலையே, அப்புறம் என்ன?" என்று வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

அதானே, அப்புறம் என்ன? தெரியவில்லை.

மார்ச் 9

இன்று நிஜமாகவே ஒருவர் வந்தார். லாரி வைத்திருப்பவர். பத்தே நிமிடம், அவளைவிடக் கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

"இப்போ அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றார் தையல்கடைக்காரர். போன் போட்டுச் சொன்னேன்.

"அன்னைக்கு சொல்லக் கூடாதுன்னீங்க. இன்னைக்கு மட்டும் சொல்லலாமா? அப்போ அன்னைக்கு யாருமே இல்லையா அக்கா?"

"இன்னைக்கு சொல்லச் சொன்னாங்கம்மா" என்றேன்.

"புரியுது. இதுவும் சும்மாதான்." வைத்துவிட்டாள்.

ஐயோ, இது நிஜம்டி! இதை யாரிடம் கத்துவது?

மார்ச் 10

மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 14

லாரிக்காரருக்கே முடிந்தது. சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி: "வித்துடுச்சா?"

"ஆமாம்மா."

"அப்போ நிஜமாவே ஒருத்தர் இருந்தாங்களா?"

நாலு தடவை எழுதி நாலையும் அழித்தேன்.

ஏப்ரல் 2

புது வீடு. விற்பவர் ஒரு டீச்சர். சாவியை வாங்கும் முன்பே கேட்டேன்: "வேற யாராவது விலை சொன்னாங்களான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. இதுல என்ன இருக்கு?"

எழுதி வாங்கிக்கொண்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

ஏப்ரல் 6

இன்று வந்த கணவன் மனைவிக்கு வீடு பிடித்துவிட்டது. அதே கேள்வி. "இதுவரைக்கும் யாரும் விலை சொல்லலைங்க" என்றேன்.

கணவர் மனைவியைப் பார்த்தார். "யாருமேவா? அப்போ இதுல ஏதோ கோளாறு இருக்கு." போயே போய்விட்டார்கள்.

டீச்சரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன்.

"சரி, நாளைக்கு யார் வராங்க?" என்றார்.