சோப்பு கலந்த கேன்கள்

செவ்வாய், கடலூர்.

என் கிடங்கிலிருந்து சிதம்பரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போன இருபது மருந்து கேனிலும் என் மச்சான் சோப்புத் தண்ணீர் கலந்திருக்கிறான். கேனில் இருந்தது பென்சல்கோனியம் குளோரைடு, தரை துடைக்கும் கிருமிநாசினி. சோப்போடு சேர்ந்தால் திரிந்துவிடும், கிருமி சாகாது. கிடங்கில் மிச்சமிருந்த கேனைத் திறந்தேன். கெட்ட பாலாகக் கட்டி மிதந்தது. மேலே என் பெயர் போட்ட லேபிள்.

"நுரை வரல, வெள்ளையா இல்லன்னு ஆயாங்க சொன்னாங்க மாமா. இப்ப பினாயில் மாதிரி இருக்குதுல்ல?" என்றான்.

"பொறந்த கொழந்தைங்க இருக்கிற வார்டுடா."

"யாரும் ஒண்ணும் சொல்லலயே."

அந்தப் பதில்தான் இன்னும் கசக்கிறது. வாங்குகிறவன் கேட்பதைக் கொடு என்று அவனுக்குச் சொல்லித் தந்தவனும் நான்தான்.

மாலை நானே சிதம்பரம் போய் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். நல்லவேளை, குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. அவர் திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசி முடித்தது இதுதான்: இருபது கேனும் திரும்ப எடுக்க வேண்டும், புதுச் சரக்கு இலவசம். நாளை காலை ஏழு மணிக்கு, ஆயாக்கள் பார்த்திருக்க, முதலில் வெறும் தண்ணீரால் சோப்பைக் கழுவி, பிறகு மருந்து போட்டு, வார்டு முழுவதையும் மச்சானும் நானும் துடைக்க வேண்டும்.