படமில்லாச் சட்டத்துக்கு விழுந்த மாலை

பாய், வாசகசாலைச் சுவரில் தொங்கிய உங்கள் சட்டத்துக்குள் அரிசி மண்டிக்காரரின் படத்தை வைத்துவிட்டார்கள். சபை கை தூக்கி, மாலை போட்டு, வெறுமையாகவே தொங்கட்டும் என்று மாட்டிய சட்டம் அது. யாரையும் கேட்காமல் நிரப்பிவிட்டார்கள். இது அநியாயம்.

நேற்று வாசகசாலைக்குள் கால் வைத்ததுமே வஜ்ஜிரப் பசையின் வாடை அடித்தது. உங்கள் கடையின் வாடை. நீங்கள்தான் உள்ளே உட்கார்ந்து சட்டம் ஒட்டுகிறீர்கள் என்று ஒரு கணம் எண்ணிவிட்டேன். உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன் என்பது பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தால், சுவரில் மண்டிக்காரர் மீசையோடு நிற்கிறார்.

காரியதரிசியிடம் கேட்டேன்.

“சும்மாதான பெரியவரே தொங்குது? வர்றவுக அம்புட்டுப் பேரும் படம் எங்கன்னு கேக்குறாக. கூரைக்குத் தகரம் போட்டுக் குடுத்த மனுசன், அவருக்கு ஒரு இடம் வேணாமா?”

“சுவத்துல இடமா இல்ல?”

“இடம் கெடக்கு. புதுச் சட்டம் யாரு செய்யுறது? பாய் இருந்தாலாவது சொல்லலாம்.”

நீங்கள் இல்லாததையே எனக்குக் காரணமாகச் சொன்னார்.

அந்தச் சட்டம் சுவரேறிய ஆண்டில் நடந்த வாதத்தை நினைத்துக்கொண்டேன். மனித குலத்தின் போக்கையே மாற்றியவர் யார் என்பது தலைப்பு. பேசுகிறவர் தாம் யாருக்காக வாதாடுகிறாரோ அவரின் படத்தைச் சட்டமிட்டுக் கொண்டுவர வேண்டும். வென்ற படத்துக்கு மாலை விழும், பிறகு அது சுவரை விட்டு இறங்காது என்பது வாசகசாலையின் வழக்கம். பசுமலை வாத்தியார் ஒரு சக்கரவர்த்தியைக் கொண்டுவந்தார். வக்கீல் ஒரு ஞானியை. நான் அச்சுப்பொறி கண்டவரை. சாயத் தொட்டியருகே நின்றபடி, பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். வேறு யாரைக் கொண்டுவருவேன்? எல்லாச் சட்டமும் நீங்கள் செய்ததுதான்.

கடைசியாக நீங்கள் எழுந்தீர்கள். கையில் சட்டம் இருந்தது, கண்ணாடி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

“என்ன பாய், படத்தை ஒட்ட மறந்துட்டீகளா?” என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, சபை சிரித்தது.

“மறக்கலப்பா. அவுக மூஞ்சி யாருக்கும் தெரியாது. நெருப்பக் கண்டவுகளச் சொல்லல. தன் குகையிலேயே பொத்தி வச்சிருந்தா அது அவுகளோட அணைஞ்சிருக்கும். பக்கத்துக் குகைக்காரன் குளிர்ல வந்து நின்னப்ப ஒரு கங்கு எடுத்துக் குடுத்தாக பாருங்க, ஆம்பளையோ பொம்பளையோ, அவுகளச் சொல்றேன். எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சா இந்த அண்ணன் வீட்டுலதான் கரண்டியில கங்கு வாங்குறோம். அன்னைக்குக் குடுத்த கை இன்னைக்கும் குடுக்குது.”

அண்ணன் என்று என்னைத்தான் கைகாட்டினீர்கள். ஆனாலும் நான் விடவில்லை. “அச்சு இல்லாட்டி இதெல்லாம் நாளைக்கு யாருக்குய்யா தெரியும்?”

“அச்சு வர்றதுக்கு முந்தியே கங்கு வந்திருச்சேண்ணே.”

கைகள் எழுந்தன. வாத்தியாரின் கைகூட எழுந்தது. நான் தூக்கவில்லை, இன்று கேட்டாலும் தூக்கமாட்டேன். ஆனால் வென்றது நீங்கள். ஒப்புக்கொள்ளாதவனுக்குத்தான் அது நன்றாக நினைவிருக்கும்.

ஒருமுறை உங்களைப் போட்டோ பிடிக்கக் கூப்பிட்டேன். “ஊரு மூஞ்சியெல்லாம் நான் மாட்டுறேன், என் மூஞ்சிய யாருண்ணே மாட்டப் போறா?” என்று சிரித்துவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டீர்கள். உங்களுக்கென்று ஒரு படம் இல்லாமலே போய்விட்டது. நீங்கள் போன பிறகு, பத்திரிகை படிக்கும் சாக்கில் அந்த வெறும் சட்டத்துக்கு எதிரேதான் உட்கார்ந்துவந்தேன். வேறெங்கே போய் உங்களைப் பார்ப்பது? இப்போது அதுவும் இல்லை. நேற்று பத்திரிகையைப் பிரிக்காமலே திரும்பிவிட்டேன்.

ஆகவே சொல்கிறேன். மாட்டிய காரியதரிசியே தன் கையால் அந்தப் படத்தை இறக்க வேண்டும். மண்டிக்காரரின் பிள்ளைகள் தகப்பனாருக்குத் தனிச் சட்டம் செய்து கொடுக்க வேண்டும். அவரும் மரியாதைக்குரியவர்தான், இன்னொருவர் இடத்தில் நிற்க வேண்டியவரில்லை. அன்று கை தூக்கியவர்களில் இருப்பவர்கள் வந்து, தூக்கினோம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். உங்கள் மகன், அவர்கள் நெம்பியதில் விட்டுப்போன மூலையை வஜ்ஜிரம் வைத்து ஒட்ட வேண்டும். கண்ணாடியை நான் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, அச்சுக்காரர்தான் பெரியவர் என்று விட்ட இடத்திலிருந்து உங்களோடு வாதாட வேண்டும்.